துபாய்க்கு நாலேகால் மணி நேரம். தோட்டத்திலிருந்து விமானம் வரை எத்தனை மணி நேரம்?

தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தின் புதிய முனையத்தை 2025 ஜூலை 26-ம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். சுமார் 450 கோடி ரூபாய் செலவில் நடந்த விரிவாக்கம் இது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள் மட்டும் இறங்கிய இடத்தில் இனி ஏர்பஸ் 321 போன்ற பெரிய விமானங்களும் இறங்கலாம்.

அன்றிலிருந்து பாவூர்சத்திரம் சந்தையிலும், ஆலங்குளம், சுரண்டை, புளியங்குடி கமிஷன் மண்டிகளிலும் ஒரே பேச்சு. "இனிமே நம்ம காய் நேரா துபாய்க்குப் போயிரும்ல?" "காலையில பறிச்சா சாயங்காலம் கல்ஃப்ல வித்துரலாமாமே?" இந்தப் பேச்சை நம்பிப் பயிரை மாற்ற நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி செய்து தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தையோ நிலத்தையோ இதில் இறக்குவதற்கு முன்னால் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒன்று மணிக்கணக்கு, மற்றொன்று கிலோக்கணக்கு. இரண்டும் உங்களுக்குத் தெரிந்த கூட்டல் கழித்தல்தான்.

ஆகாயத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைச் சாலையை அளப்பதுபோல் அளப்பதில்லை. பூமி உருண்டை. ஒரு பூசணிக்காயில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. விமானங்கள் கூடியவரை அந்த வழியை ஒட்டியே பறக்கின்றன. தாளில் அச்சிட்ட வரைபடத்தில் அது வளைந்து போவதுபோல் தெரியும். உண்மையில் அதுவே நேர்வழி.

இந்த அளவின்படி திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ. சிங்கப்பூர் சுமார் 3,100 கி.மீ. சென்னையிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,230 கி.மீ.

பெரிய ஜெட் விமானம் உயரே போன பிறகு மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் மேலே ஏறவும், கீழே இறங்கவும், ஓடுபாதையில் ஊர்ந்து போகவும் நேரம் பிடிக்கிறது. தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டினால் பயண நேரம் தோராயமாகக் கிடைத்துவிடும். துபாய்க்கு இப்படிக் கணக்கிட்டால் நாலேகால் மணி நேரம் வரும். சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். லண்டனுக்குப் பத்தரை முதல் பதினொரு மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டிலும் சரக்குச் சீட்டிலும் போட்டிருக்கும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு 6.45-க்கு இறங்குகிறது என்று போட்டிருந்தால், இரண்டே முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது என்று எண்ணக் கூடாது. அப்போது நம் ஊரில் மணி 8.15. சிங்கப்பூருக்கு இது தலைகீழ். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடும். பறித்த காய்க்கு ஊர்க் கடிகாரம் தெரியாது. பறித்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஆனது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

காற்றும் பயண நேரத்தை மாற்றும். ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானம் போனதைவிடச் சீக்கிரம் வந்து சேர்வதற்குக் காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பலமான காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் தரையை ஒட்டித் தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது; அதே மாதங்களில் 12 கி.மீ.க்கு மேலே தென்னிந்திய வானத்தில் கிழக்கிலிருந்து மேற்கே காற்று ஓடுகிறது. வளைகுடாப் பயணத்தில் இதனால் கூடுவதும் குறைவதும் சில நிமிடங்கள்தான். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது தரையில் போகும் நேரத்தைப் பற்றி.

மூன்று விமான நிலையம், மூன்று சாலை

தென்காசிக்காரருக்கு எட்டும் தூரத்தில் மூன்று விமான நிலையங்கள் இருக்கின்றன.

திருவனந்தபுரம்: நேர்க்கோட்டில் அளந்தால் தென்காசியிலிருந்து 70 கி.மீ.கூட இல்லை. ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகச் சுற்றிப் போனால் 100 கி.மீ.க்கு மேல். புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. கனிம லாரிகளும், சாரல் காலக் கூட்டமும், சபரிமலைக் காலக் கூட்டமும் சேர்ந்தால் மூன்று மணி நேரம் என்பது நாலாகவும் ஐந்தாகவும் ஆகிவிடும்.

வாகைகுளம்: நேர்க்கோட்டில் சுமார் 83 கி.மீ., சாலையில் சுமார் 90 கி.மீ. மலை இல்லை, வளைவு இல்லை. திருநெல்வேலி வழியாக இரண்டு மணி நேரத்தில் சேரலாம்.

மதுரை: நேர்க்கோட்டில் 130 கி.மீ., சாலையில் 150 கி.மீ.க்கு மேல். கடையநல்லூர், புளியங்குடி, ராஜபாளையம், திருமங்கலம் வழி. புளியங்குடி, சிவகிரிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது கொஞ்சம் கிட்டம்.

இப்போது ஆகாயக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் 2,950 கி.மீ. மதுரையிலிருந்தும் கிட்டத்தட்ட அதே 2,950 கி.மீ. வாகைகுளத்திலிருந்து என்றால் 3,020 கி.மீ. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் 70 கி.மீ.தான், விமானத்துக்கு அது ஐந்து நிமிடப் பறப்பு. ஆனால் தரையிலோ ஒரு நிலையத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒன்று, இரண்டு மணி நேரம் வித்தியாசம் வருகிறது. வாகைகுளம் விரிவாக்கத்தில் நமக்கு லாபம் ஏதாவது இருந்தால், அது இந்தத் தரைக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த லாபம் இன்னும் கைக்கு வரவில்லை. வாகைகுளத்திலிருந்து இப்போது சென்னை, பெங்களூரு போன்ற உள்நாட்டுப் பயணங்கள்தான் நடக்கின்றன. வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. ஓடுபாதை நீண்டது முதல் படி. அதில் பெரிய விமானம் வந்து இறங்க வேண்டும். சுங்கச் சோதனை, தாவர நோய்த் தடுப்புச் சோதனை, சரக்கு முனையம், குளிர்பதன அறை எல்லாம் அமைய வேண்டும். இவை வரும்வரை வளைகுடாவுக்கு நம் வழி திருவனந்தபுரமும் மதுரையும்தான்.

ஒரு மூட்டை கறிவேப்பிலையின் 32 மணி நேரம்

கடையம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கறிவேப்பிலை துபாய் கடைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்.

காலை 6 மணிக்குப் பறிக்கத் தொடங்கி 9 மணிக்கு முடிக்கிறீர்கள். பழுத்த இலை, பூச்சி கடித்த இலை நீக்கி, கழுவி, ஈரம் உலர்த்தி, அட்டைப்பெட்டியில் அடுக்குவதற்குள் மதியம் 1 மணி. 2 மணிக்கு வண்டி கிளம்புகிறது. மலை தாண்டித் திருவனந்தபுரம் சரக்கு முனையம் சேர மாலை 5.30. எடை, தாவரச் சோதனை, சுங்கம், எக்ஸ்ரே எல்லாம் முடிய இரவு 11 மணி. விமானம் அதிகாலை 4 மணிக்கு, அதுவரை காத்திருப்பு. துபாயில் இறங்கும்போது நம் நேரம் காலை 8.15. அங்கே இறக்கி, சோதித்து, சுங்கம் கடந்து வெளியே வர நாலு மணி நேரம். கடையில் போய்ச் சேரும்போது மறுநாள் மதியம் 2 மணி.

மொத்தம் 32 மணி நேரம். இதில் விமானத்தில் போனது நாலேகால் மணி நேரம், எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கும் தோட்டத்திலும், வண்டியிலும், வரிசையிலும், குடோனிலும் போகிறது.

பறித்த பிறகும் இலையும் காயும் மூச்சு விடுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகிறது. உள்ளே இருக்கும் சத்தும் ஈரமும் அதே வேகத்தில் தீர்கின்றன. மதியம் 35 டிகிரி வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே நின்ற ஒரு மணி நேரம், குளிர்ந்த அறையில் இருந்த நாலைந்து மணி நேரத்துக்குச் சமம். விமானத்தின் வேகத்தை நீங்கள் கூட்ட முடியாது. தோட்டத்தில் வீணாகும் இரண்டு மணி நேரத்தைக் குறைக்க முடியும். அதிகாலையில் பறிப்பது, பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுவருவது, பெட்டிக்குள் போகும் முன் சூட்டைத் தணிப்பது, இவைதான் உங்கள் கையில் இருக்கும் வேகம்.

குளிர்ச்சியிலும் ஒரு அளவு உண்டு. வெண்டைக்காயை 7 டிகிரிக்குக் கீழே வைத்தால் புள்ளி விழுந்து கெடும். வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், பழுக்கவும் பழுக்காது. எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் போட்டு அடைப்பது சேமிப்பு ஆகாது.

எது பறக்கலாம், எது பறக்க வேண்டாம்?

விமானக் கூலி கப்பல் கூலியைவிடப் பல மடங்கு. அந்தக் கூலியைத் தாங்குவது இரண்டு குணமும் சேர்ந்த பொருள்தான்: சீக்கிரம் கெட வேண்டும், கிலோவுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்து மல்லிகையும் பிச்சியும் இந்த வகை. மொட்டு ஒரு நாளில் மலர்ந்துவிடும். மலர்ந்தால் விலை போய்விடும். 2021 ஜூலையில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் மற்ற பூக்களும் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் போனபோது, பூ வாடாமல் இருக்கச் சிப்பம் கட்டும் முறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதவியது. விமானம் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பூ வாடித்தான் போய் இறங்கியிருக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இளம் வெண்டை, வாழையிலை, குற்றாலச் சீசனில் வரும் மங்குஸ்தான், ரம்புட்டான் ஆகியவையும் பறக்கத் தகுந்தவைதான், தரம் இருந்தால்.

நன்றாகக் காய வைத்த சின்ன வெங்காயம் இரண்டு மூன்று மாதம் நிற்கும். தேங்காயும் அப்படியே. இவற்றை விமானத்தில் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவதுபோல. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கப்பலில் போகட்டும். புளியங்குடி எலுமிச்சை பறித்து பத்து நாள் தாங்கும். குளிர்பதனக் கன்டெய்னரில் இன்னும் கூடுதலாகத் தாங்கும். அதற்கும் விமானம் அவசரம் இல்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் இருக்கிறது. ஓணம் காலத்தில் நம் காய்கறிக்கும் பூவுக்கும் அங்கே இருக்கும் தேவை ஊரறிந்தது. மூன்று நாலு மணி நேர வண்டிப் பயணம், சுங்கம் இல்லை, தாவரச் சான்று இல்லை, பணம் அதே வாரம். வளைகுடா விலை இதைவிட எவ்வளவு கூடுதல், அந்தக் கூடுதல் செலவுக்கும் பயத்துக்கும் ஈடாகுமா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பெட்டியும் எடைதான்

அடுத்தது கிலோக்கணக்கு. விமானத்தில் இடம் குறைவு. அதனால் எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அடைக்கும் சரக்குக்கு, அது அடைக்கும் இடத்தை வைத்தே கூலி போடுவார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுங்கள். வரும் எண், பெட்டியின் கன எடை. உண்மையான எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கூலி.

60 செ.மீ. நீளம், 40 அகலம், 30 உயரம் உள்ள பெட்டியில் 8 கிலோ கறிவேப்பிலை இருக்கிறது என்று வையுங்கள். 60-ஐ 40-ஆல் பெருக்கி, மறுபடி 30-ஆல் பெருக்கினால் 72,000. அதை 6,000-ஆல் வகுத்தால் 12. நீங்கள் ஏற்றியது 8 கிலோ. கூலி கட்டுவது 12 கிலோவுக்கு.

இனி ரூபாயில் பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலை அல்ல. துபாய் வியாபாரி கிலோவுக்கு 300 ரூபாய் தருகிறார். விமானக் கூலி கிலோவுக்கு 100 ரூபாய் என்றால், மேலே சொன்ன கன எடையால் உங்களுக்கு அது 150 ஆகிறது. பெட்டிக்கும் சிப்பத்துக்கும் 15, சுங்க முகவர், சான்றிதழ் செலவு 40, வண்டிக்கும் கமிஷனுக்கும் 30. சரக்கில் பத்தில் ஒரு பங்கு வாடிக் கழிந்தால் அதற்கு 30. மிஞ்சுவது 35 ரூபாய். இதில்தான் பறிப்புக் கூலியும் உரமும் தண்ணீரும் அடங்க வேண்டும். கழிவு பத்தில் ஒன்று என்பது பத்தில் இரண்டாகிவிட்டால் மிஞ்சுவது 5 ரூபாய்.

300 ரூபாய் என்று கேட்டதும் மனம் துள்ளும். 35-ஐயும் 5-ஐயும் பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அந்த 35-க்கும் 5-க்கும் நடுவில் நிற்பது, புளியரையில் வண்டி நின்ற நேரமும் தோட்டத்தில் இலை வெயிலில் கிடந்த நேரமும்.

இன்னொரு உண்மை: சான்றிதழ், சுங்கச் செலவு 100 கிலோவுக்கும் 1,000 கிலோவுக்கும் பெரிதாக மாறாது. தனி ஆளாக 100 கிலோ அனுப்புகிறவர் நஷ்டப்படுவதும், பத்துப் பேர் சேர்ந்து 1,000 கிலோ அனுப்பினால் கட்டுப்படியாவதும் இதனால்தான்.

ஆகாயம் அடைபடும் நாட்கள்

விமான நேரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. நேரமும் எரிபொருளும் கூடின. திருவனந்தபுரம், மதுரையிலிருந்து அரபிக்கடல் மேல் போகும் வளைகுடா வழிக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியபோது வளைகுடாப் பயணங்கள் பல தாமதமாயின, சில பாதியில் திரும்பின. பயணிக்கு அது ஒரு இரவுத் தூக்கம் கெட்ட கதை. குளிர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட பூப்பெட்டிக்கு அதோடு கதை முடிந்தது.

தடை என்பது வானத்தில் மட்டும் வருவதில்லை. 2018 மே மாத இறுதியில் நிபா காய்ச்சல் காரணமாகக் கேரளத்திலிருந்து வரும் பழம், காய்கறிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் தற்காலிகத் தடை போட்டது. ஒரே விமான நிலையத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை இந்த மாதிரி நாட்கள் காட்டுகின்றன. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்கும் கத்தரி, பாகல், புடலை, சேம்பிலைக்கும் தடை போட்டது; காரணம் பழ ஈ போன்ற பூச்சிகள் சரக்கோடு போய் இறங்கியது. மாம்பழத் தடை நீங்க 2015 ஜனவரி ஆனது. எங்கோ சில தோட்டங்களில் கவனிக்காமல் விட்ட பூச்சி, நாடு முழுவதும் இருந்த விவசாயிகளுக்குச் சந்தையை அடைத்துவிட்டது.

உள்நாட்டு முடிவுகளும் உண்டு. 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே முதல் வாரத்தில்தான் விலக்கியது. ஏற்றுமதியை மட்டும் நம்பி முழு நிலத்தையும் ஒரே பயிரில் போடுவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

வாகைகுளத்திடம் நாம் கேட்க வேண்டியது

விமான நிலையம் பெரிதானது நல்ல செய்தி. அது நமக்கும் நல்ல செய்தியாக வேண்டுமானால் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது, வாகைகுளத்தில் குளிர்பதன வசதியுள்ள சரக்கு முனையமும் சுங்க அனுமதியும். வெளிநாட்டு விமானம் ஒன்று வாரத்தில் சில நாள் வந்தாலும் பயணிகள் பெட்டி போக மிஞ்சும் இடத்தில் சில டன் சரக்கு ஏறும்.

இரண்டாவது, தாவரச் சோதனை விமான நிலையத்திலேயே நடப்பது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்காக ஏற்கெனவே தாவர நோய்த் தடுப்பு நிலையம் இயங்குகிறது. அதன் அலுவலர் விமான நிலையத்துக்கு வந்து சோதித்தால் விவசாயிக்கு அரை நாள் மிச்சம்.

மூன்றாவது, மிக முக்கியமானது: பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்தில் ஒரு பேக் ஹவுஸ். அதாவது தரம் பிரித்து, கழுவி, குளிர்வித்து, சிப்பம் கட்டும் கூடம். 32 மணி நேரத்தில் மிகக் கூடுதலாகச் சேதம் நடப்பது முதல் எட்டு மணி நேரத்தில். அதைக் காப்பாற்றுவது விமான நிலையத்தின் வேலை இல்லை, இந்தக் கூடத்தின் வேலை. இது வந்தால், சரக்கு எந்த விமான நிலையத்துக்குப் போனாலும், கேரளத்துக்கே போனாலும் பயன்.

விளைபொருளை விமானத்தில் அனுப்ப மத்திய அரசின் 'கிரிஷி உடான்' திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதன் இரண்டாம் கட்டம் 2021 அக்டோபர் 27-ம் தேதி தொடங்கியது. வடகிழக்கு மாநிலங்கள், மலைப்பகுதிகள், பழங்குடியினர் பகுதிகளின் விமான நிலையங்களுக்கே அதில் முதலிடம். அதன் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் மானியம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்டால், வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்தப் பருவத்தில் நீங்கள் செய்யக்கூடியவை

1. உங்கள் பொருளின் மணிக்கணக்கை எழுதுங்கள். பறித்த நேரம், சிப்பம் கட்டிய நேரம், வண்டி ஏறிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம். இப்போது கேரளத்துக்கு அனுப்பும் லோடிலேயே இதைத் தொடங்கலாம். பத்து லோடு எழுதினால் எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

2. மருந்து அடித்த தேதி, மருந்தின் பெயர், அளவு மூன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். மருந்து அடித்து அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாள் ஒவ்வொரு மருந்தின் சீட்டிலும் போட்டிருக்கும். அந்த நாள் முடியும் முன் பறித்த காய், அங்கே நஞ்சுச் சோதனையில் மாட்டினால் சரக்கு அழிக்கப்படும். செலவும் நம் தலையில் விழும்.

3. தனியாக இறங்காதீர்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ, ஒரே பயிர் போடும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தோ பேசுங்கள்.

4. ஏற்றுமதி முகவர் என்று வருகிறவரிடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அபெடா பதிவு, ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் கேளுங்கள். குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்; வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். முன்பு அனுப்பிய சரக்கின் ஏற்றுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரோடு வியாபாரம் வேண்டாம்.

5. விலை பேசும்போது, எந்த இடத்து விலை என்று கேளுங்கள். தோட்டத்திலேயா, திருவனந்தபுரம் முனையத்திலா, துபாய் கடையிலா? விமானம் தாமதமானால், சரக்கு திருப்பி அனுப்பப்பட்டால் நஷ்டம் யாருடையது? இரண்டுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் சில லோடுகளைத் தோட்டத்து விலைக்கு விற்றுவிடுவதே பாதுகாப்பு.

6. மொத்த நிலத்தையும் மாற்றாதீர்கள். பத்தில் இரண்டு பங்கில் முயன்று பாருங்கள். மீதியில் பாவூர்சத்திரம் சந்தைக்கும் கேரளத்துக்கும் போகும் வெள்ளாமை இருக்கட்டும்.

7. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேக் ஹவுஸ், வாகைகுளம் சரக்கு முனையம் இரண்டையும் மனுவாகக் கொடுங்கள். எத்தனை விவசாயிகள், எத்தனை ஏக்கர், மாதம் எத்தனை டன் என்ற கணக்கோடு கொடுங்கள். விமான நிறுவனமும் அரசும் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

துபாய் தூரம் 2,950 கி.மீ.யாகவே இருக்கும், விமானமும் நாலேகால் மணி நேரத்திலேயே போகும். அதை மாற்ற யாராலும் முடியாது. தோட்டத்திலிருந்து விமானம் வரையுள்ள நூறு கிலோமீட்டரில்தான் உங்கள் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன. அந்த நூறு கிலோமீட்டரை முதலில் சரி செய்யுங்கள். மேலும் விவரங்களுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும் வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்தையும் அணுகலாம்.